நிற்கிற கால்

எந்த உதை பெரிய உதை என்று எல்லோரும் கேட்பார்கள். உதை அளக்கும் இடத்தில் வேலை செய்தேன் என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி இதுதான். தேக்குவாண்டோவா, தோமோயா, கராத்தேயா, சீலாட்டா. கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள். பல் டாக்டர் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

எனக்குத் தெரியாது. உதைக்கிற காலை நான் அதிகம் பார்த்ததில்லை. நிற்கிற காலைத்தான் பார்த்தேன்.

ஓய்வு பெற்று வந்துவிட்டேன். இப்போது அங்கே புதுக் கேமரா. உடம்பில் எதுவும் ஒட்ட வேண்டாமாம். நல்லது. ஒட்டிய இடம் அரிக்கிறது என்று பிள்ளைகள் புலம்ப வேண்டியதில்லை. அங்கே இருக்கிற சின்னவர்கள், "மல்லிகாக்கா, ஒட்டின காலத்தப் பத்தி எழுதிக் குடுங்க லா" என்றார்கள். எழுதிப் பழக்கமில்லை. தெரிந்ததை எழுதுகிறேன்.

நான் கேரி தீவில் பிறந்தவள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை. பிறகு கிள்ளானில் ரப்பர் கையுறை பேக்டரி. கையுறையில் காற்றை ஊதி, ஓட்டை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் வேலை. அந்தப் பேக்டரியை மூடினார்கள். செராஸ் பக்கம் ஒரு விளையாட்டு நிலையத்தில் தரை துடைக்க ஆள் எடுத்தார்கள். போனேன்.

அங்கே மேல்மாடியில் ஓர் அறை. சுவர் முழுக்கக் கேமரா. தரையில் ஓர் இரும்புத் தட்டு பதித்திருக்கும். அதன்மேல் நின்றால், கால் எவ்வளவு அழுத்துகிறது, எந்தப் பக்கம் முறுக்குகிறது என்று கணினியில் தெரியும். உதைக்க வருகிறவர்களின் எலும்பு முனைகளில் சுண்டைக்காய் அளவு உருண்டைகளை ஒட்டுவார்கள். கேமராவுக்கு ஆள் தெரியாது, முகம் தெரியாது. உருண்டை மட்டும் தெரியும். உருண்டைகளைக் கோட்டால் இணைத்தால் திரையில் குச்சி மனுஷன் ஒருவன் நின்று உதைப்பான்.

ஒட்டுகிறவர்கள் இரண்டு பேருமே ஆண்கள். ஒருநாள் ஒரு பெண் பிள்ளை, இடுப்பெலும்பில் ஒட்ட விடமாட்டேன் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து டாக்டர் வெளியே வந்தார். நான் படிக்கட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, உங்களுக்கு நேரம் இருக்கோ?" என்று கேட்டார்.

கையில் வாளியோடு நிற்கிறவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. "இருக்கு சார்" என்றேன். அப்படித்தான் அந்த அறைக்குள் போனேன். ஓய்வு பெறும்வரை வெளியே வரவில்லை.

டாக்டர் பெயர் சிவநேசன். பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவர். பாட்டனார் ரயில்வே வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவராம். வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்ததால் டாக்டருக்குத் தமிழ் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் யாழ்ப்பாணத் தமிழ். எங்கள் பேச்சில் பாதி அவருக்குப் புரியாது. புரியாவிட்டால் தலையாட்டிவிட்டுப் போகிறவர் இல்லை. நின்று கேட்பார். "அதெண்டால் என்ன?" என்பார். விளக்கம் சொல்லும்வரை நகர மாட்டார்.

குரல் உயர்த்த மாட்டார். யாரைத் தொடுவதற்கு முன்னும் சுடுதண்ணீரில் கை கழுவுவார். குளிர்ந்த கை பட்டால் தசை இறுகிவிடுமாம். எந்த இடத்தைத் தொடப் போகிறார் என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். சோதனை முடிந்ததும் எழுந்து நின்று நன்றி சொல்வார். உதைத்தது பள்ளிக்கூடப் பையனாக இருந்தாலும் எழுந்து நிற்பார்.

எனக்கு ஒட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான். அதை நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு. பிறகு என் உடம்பிலேயே நான் தொட்டுப் பார்த்தேன். பிறகு பிள்ளைகள். ஆரம்பத்தில் விரலால் குத்திக் குத்தித் தேடுவேன். பிள்ளைகள் கூச்சத்தில் நெளிவார்கள்.

"எலும்பைத் தேட வேண்டாம்," என்றார் டாக்டர். "கையை வச்சுக்கொண்டு சும்மா இருங்கோ. பிள்ளையளைக் காலை அசைக்கச் சொல்லுங்கோ. எலும்பு உங்களிட்ட வரும்."

வந்தது. தொடையின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, காலை உள்ளே வெளியே உருட்டச் சொன்னால், தோலுக்கடியில் ஒரு குமிழ் உருளும். அதுதான் தொடையெலும்பின் தலைப்பக்கம். முட்டிக்கு, மடக்கி நீட்டச் சொல்ல வேண்டும். எல்லாம் நகரும். ஓர் இடம் மட்டும் நகராமல் அச்சாணி மாதிரி இருக்கும். அங்கே ஒட்ட வேண்டும். கணுக்காலில் தேடவே வேண்டாம், அதுவே துருத்திக்கொண்டு நிற்கும்.

இடம் தெரிந்ததும் கண்புருவப் பென்சிலால் ஒரு புள்ளி. ஸ்பிரிட் பஞ்சால் சுற்றிலும் துடைக்க வேண்டும், புள்ளி அழியக்கூடாது. காயும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் நாலாவது உதையில் உருண்டை பறந்துபோய்க் கேமராவில் அடிக்கும். ஒட்டிய பிறகு விரலால் அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, எடுக்க வேண்டும். ஒரு விரல் அகலம் தள்ளிப் போனால், திரையில் நிற்கிற குச்சி மனுஷனின் முட்டி வேறொருவன் முட்டி. டாக்டர் அப்படித்தான் சொல்வார். "அது வேற ஆளின்ர முட்டி, மல்லிகா."

உதைகளைப் பற்றிச் சொல்கிறேன். டாக்டர் சொன்னதும் நான் பார்த்ததும் கலந்து இருக்கும்.

தேக்குவாண்டோ பிள்ளைகள் முதலில் முட்டியைத் தூக்குவார்கள். கீழ்க்கால் மடங்கியிருக்கும். பிறகு மடக்குக் கத்தி திறப்பது போலத் திறக்கும். அதில் ஒரு விஷயம் உண்டு. தொடை நிற்க வேண்டும். தொடை நின்றால்தான் கீழ்க்கால் பறக்கும். ஈரத்துணியை உதறும்போது கை நின்றுவிடுகிறது, துணியின் நுனி சுளீர் என்கிறது. அதே கணக்கு. புறங்காலால் அடிப்பார்கள். அடித்த கால் உடனே வீட்டுக்கு வந்துவிடும்.

கராத்தேயும் மடக்கித்தான் உதைக்கிறது. ஆனால் இடுப்பு கூடவே முன்னால் போகும். விரல்களை மேலே மடக்கி, விரலடி மேட்டால் குத்துவார்கள். நிற்கிற கால் தரையைக் கவ்வியிருக்கும். குதிகால் எழும்பக்கூடாது என்று சொல்லிக் கொடுப்பார்கள்.

தோமோய்க்காரர்கள், தாய்லாந்துக் குத்துச்சண்டைக்காரர்கள் மாதிரி, மடக்குவதே இல்லை. இடுப்பிலிருந்து முழுக் காலும் ஒரு கட்டையாக வரும். முட்டிக்குக் கீழே முன்னங்கால் எலும்பால் அடிப்பார்கள். உடம்பு முழுக்கத் திரும்பும். நிற்கிற கால் நுனியில் நின்று சுழலும். அடி தவறினால் ஆளே ஒரு சுற்றுச் சுற்றி நிற்பார்.

மலாய்க்காரர்களின் சீலாட்டில் வளைத்து உதைக்கும் உதைக்கு 'சாபிட்' என்று பெயர். மலாயில் அரிவாள். தோட்டத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்ட என் அப்பா தோளில் வைத்துக்கொண்டு போனதும் சாபிட்தான். அவர்கள் தாழ்வாக நிற்பார்கள். உதைக்கு முன்னாலேயே நிற்கிற கால் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். உதை தொடங்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

ஒரே நாளில் இரண்டு கூட்டம் வந்துவிட்டால் அறை சந்தைதான்.

"நீ முட்டியத் தூக்கி, மடக்கி, திறந்து... அதுக்குள்ள நான் தே தாரேக் குடிச்சிட்டு வந்துருவேன் லா," என்பான் தோமோய்ப் பையன்.

"குடிச்சிட்டு வா. வர்ற வழியிலேயே நாலு வாங்கிக்குவ," என்பான் தேக்குவாண்டோ.

"கொசுக்கடி."

"கொசு கடிச்சா டெங்கி வரும் பாஸ்."

டாக்டர் என்னிடம், "கொசுக்கடியெண்டால் என்ன?" என்பார். சொல்வேன். சிரிக்க மாட்டார். "டெங்கி சரிதான்" என்பார்.

இனி துர்கா.

கிள்ளான் பிள்ளை. அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். சின்ன வயதில் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் கராத்தே கற்றவள். வளர்ந்த பிறகு தேக்குவாண்டோவுக்கு மாறினாள். அவள் எடைப் பிரிவில் அவளுக்கு மேலே எப்போதும் ஒருத்தி இருந்தாள். அந்தப் பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். முதல்முறையாக வெளிநாட்டுப் போட்டிக்கு துர்காவின் பெயர் வந்தது. அடுத்தமுறை வராது என்று அவளுக்குத் தெரியும். கீழே இருந்து சின்னப் பிள்ளைகள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் இடது முட்டி வீங்கியது. வலது காலால் உதைக்கிறவள். இடது கால் நிற்கிற கால்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "நார் அறுந்து போகேல்ல. இழுபட்டிருக்கு," என்றார். வீக்கம் வடிந்த பிறகு எங்கள் அறைக்கு வந்தாள். கூடவே அவள் பயிற்சியாளர் குணா மாஸ்டர். உயரமான ஆள். கடைத்தெருவில் நின்று பேசுகிற மாதிரி அறைக்குள்ளும் பேசுவார்.

ஒட்டினேன். தட்டின்மேல் நின்று, தொங்குகிற மூட்டையை உதைத்தாள். டாக்டர் திரையில் மெல்ல ஓட்டிக் காட்டினார். குச்சி துர்கா இடுப்பைத் திருப்புகிறாள். தொடையும் திரும்புகிறது. இடது பாதம் தரையிலேயே முன்பக்கம் பார்த்து நிற்கிறது. துணியின் ஒரு முனையை ஆணியில் மாட்டிவிட்டு மறுமுனையைப் பிழிந்தால் முறுக்கு எங்கே ஏறும்? நடுவில்தான். நடுவில் இருந்தது முட்டி.

கராத்தேயில் இடுப்பளவுக்கு உதைக்கும்போது அந்த நிலை அவளுக்குத் துணை. அதே காலை நட்டுவைத்துக்கொண்டு தலை உயரத்துக்கு வளைத்து உதைத்தால் அது துணை இல்லை.

டாக்டர் இதைக் குணா மாஸ்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். மாஸ்டர் இரண்டு கையையும் விரித்தார்.

"நான் சொல்லிக்கிட்டேதான் சார் இருக்கேன். காலத் திருப்பு, காலத் திருப்புன்னு. தொண்டத் தண்ணி வத்திப் போச்சு. கேக்க மாட்றா."

"திருப்பிக்கிட்டுத்தான் இருக்கேன் மாஸ்டர்," என்றாள் துர்கா.

"எங்க திருப்புன? தென்ன மரமாட்டம் நட்டு வச்சிருக்க."

"நல்லாத்தான் திருப்புறேன்."

"வாய் மட்டும் நல்லாத் திரும்புது."

அவள் முகம் சிவந்துவிட்டது. டாக்டர் என் பக்கம் திரும்பினார். "மல்லிகா, நீங்கள் ஒருக்கா அவவுக்குச் சொல்லுங்கோ. அமைதியாச் சொல்லுங்கோ."

நான் அவள் பக்கத்தில் போய் நின்று அமைதியாகவே சொன்னேன். "துர்கா, காலை நல்லாத் திருப்பும்மா."

உதைத்தாள். சத்தம் கேட்டு நானே பின்வாங்கினேன். திரையில் முறுக்கைக் காட்டும் கோடு முன்னைவிட மேலே ஏறியிருந்தது. முட்டி இன்னும் அதிகமாக முறுக்கியிருந்தது.

டாக்டர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அவவுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"காலைத் திருப்பச் சொன்னேன் சார்."

"கால் எண்டால் என்ன? லெக்கா, ஃபுட்டா?"

நான் குனிந்து என் காலையே பார்த்தேன். "ரெண்டும்தான் சார்," என்றேன்.

டாக்டர் எழுந்து துர்காவிடம் போனார். "நீங்கள் எதைத் திருப்பினீங்கள்? தொட்டுக் காட்டுங்கோ."

அவள் குனிந்து வலது தொடையைத் தொட்டாள். "இதத்தான். உதைக்கிற காலத்தானே சொல்றாங்க?"

இதைப் பிறகு நான் நிறைய யோசித்திருக்கிறேன். இடுப்புக்குக் கீழே எங்களுக்கு எல்லாமே கால்தான். முழங்கால், முன்னங்கால், கணுக்கால், குதிகால். எங்கே தொட்டாலும் கால். பாதம் என்ற சொல் இருக்கிறது. அது சாமிக்கும் பெரியவர்களுக்கும். உதைக்கிற பிள்ளையிடம் பாதத்தைத் திருப்பு என்று யார் சொல்வார்கள்? மலாயில் சொல்லியிருந்தாலும் 'காக்கி' என்ற ஒரே சொல்தான். டாக்டர் ஆங்கிலத்தில் சரியாகச் சொன்னார். மாஸ்டர் அதைச் சரியாகத் தமிழில் சொன்னார். அவளும் சொன்னதைச் சரியாகச் செய்தாள். மாஸ்டர் கத்தக் கத்த அவள் வலது காலை இன்னும் வேகமாகத் திருப்பினாள். அந்த வேகமெல்லாம் இடது முட்டியில் போய் இறங்கியது. நானும் அதே சொல்லைத்தான் சொன்னேன்.

குணா மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய ஆள் சின்னதாகத் தெரிந்தார். "நான்ல இத்தன நாளா கத்திக்கிட்டிருந்தேன்," என்றார். தனக்குத்தானே சொன்னது.

டாக்டர் குற்றம் யாருடையது என்று பேசவில்லை. "வேற சொல் இருக்கோ?" என்று கேட்டார்.

துர்காதான் சொன்னாள். "குதின்னு சொல்லலாம்."

உதைக்கும்போது நிற்கிற காலின் குதி எதிராளியைப் பார்க்க வேண்டும். அப்படித் திரும்பினால் இடுப்பும் தொடையும் முட்டியும் பாதமும் ஒன்றாகப் போகும். முறுக்கு இல்லை. "குதியைக் காட்டு." அவ்வளவுதான் சொல். மெதுவாக உதைக்கச் சொன்னார் டாக்டர். குதியைக் காட்டினாள். கோடு இறங்கியது. அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். முன்பல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும்.

சில வாரங்கள் பழகினாள். டாக்டர் ஒரு விதி வைத்திருந்தார். முட்டி அடிபட்டவர்களுக்குத் திரையில் ஓர் எல்லைக்கோடு. முறுக்கு அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் போகலாம் என்று கையெழுத்துப் போடுவார். களைப்பில்லாமல் உதைத்துப் பார்த்தால் போதாது. ஓட வைத்து, மூச்சு வாங்க வைத்து, அதற்குப் பிறகு உதைக்க வைப்பார். "சண்டையில ஆரும் களைக்காம உதைக்கிறேல்ல," என்பார்.

அந்தச் சோதனைக்கு துர்கா வந்தாள். பெயர்ப் பட்டியல் அனுப்ப வேண்டிய வாரம்.

திரைச்சீலைக்குப் பின்னால் நான் ஒட்டுகிற இடம். நானும் அவளும் மட்டும். இடுப்பு முடிந்தது. தொடை முடிந்தது. முட்டியில் கை வைத்து மடக்கி நீட்டச் சொன்னேன். மடக்கினாள். நீட்டினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா. கொஞ்சூண்டு தள்ளி ஒட்டுங்கக்கா."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"களைச்சிட்டா எனக்குப் பழைய கால் வந்துருது. மாஸ்டருக்குத் தெரியாது. வீட்ல உதைச்சுப் பாத்தேன். கோட்டுக்கு மேல போனாலும் கொஞ்சந்தான் போகும். நீங்க ஒரு விரல் தள்ளி வச்சா கீழ வந்துரும்."

"எலும்பு இருக்கிற இடத்துலதாம்மா ஒட்டணும்."

"எலும்பு வந்து பேசவா போகுது? உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும்."

"முட்டி போயிரும் துர்கா."

"போனா என் முட்டிதானே. அங்க போய் ஒரே ஒரு தடவ நிக்கணும்க்கா. அதுக்கப்புறம் இந்த முட்டிய வச்சு நான் என்ன செய்யப் போறேன்?"

எங்கள் தோட்டத்தில் இருந்து யாரும் எங்கும் போய் எதற்காகவும் நின்றதில்லை. அவள் கேட்டது எனக்குப் புரிந்தது. கை அவள் முட்டியில் இருந்தது. அச்சாணி விரலுக்கடியில் இருந்தது.

புள்ளி வைத்தேன். எலும்பு இருந்த இடத்தில். துடைத்தேன். காய்ந்ததும் ஒட்டினேன்.

முதல் உதைகள் நன்றாக இருந்தன. குதி அழகாகத் திரும்பியது. மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஓட வைத்தார்கள். வேர்வை சொட்டச் சொட்ட வந்து தட்டில் ஏறினாள். உதைத்தாள். குதி பாதியில் நின்றது. மறுபடி உதைத்தாள். கோட்டைத் தாண்டியது. கொஞ்சம்தான். நூல் அளவு.

டாக்டர் நாற்காலியைத் திருப்பினார். கோட்டுக்குப் பக்கத்தில் வந்தால் எப்போதும் அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. யார் உதைத்தாலும் கேட்பதுதான்.

"மல்லிகா, முட்டி உருண்டை சரியா இருக்கோ?"

சரியில்லை என்றால் சோதனை செல்லாது. புதிதாக ஒட்டி, இன்னொரு நாள் வரச் சொல்வார். இன்னொரு நாள் அவள் நன்றாகத் தூங்கி வந்திருக்கலாம். முறுக்கு இறங்கியிருக்கலாம். வேர்வையில் உருண்டை நகர்வது சகஜம். நகர்ந்துவிட்டது சார் என்று நான் சொன்னால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். மாஸ்டருக்கு அது தெரியும். அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

நான் போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன். விரலை வைத்தேன். "மடக்கும்மா," என்றேன். மடக்கினாள். நீட்டினாள். எல்லாம் நகர்ந்தது. உருண்டைக்கு அடியில் மட்டும் நகரவில்லை.

"சரிதான் சார்," என்றேன்.

டாக்டர் எழுந்து நின்று துர்காவுக்கு நன்றி சொன்னார். பிறகு, போக விட முடியாது என்றும் சொன்னார்.

உருண்டைகளைப் பிய்ப்பது என் வேலை. மெதுவாக, ஓரத்தில் ஸ்பிரிட் தடவி எடுக்க வேண்டும். அன்றைக்கு அவளே பிய்த்தாள். ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போட்டாள். முட்டியில் இருந்ததை மட்டும் கிண்ணத்தில் போடவில்லை. என் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தாள்.

"இந்தாங்க. உங்க எலும்பு."

போய்விட்டாள். மாஸ்டர் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். அவள் பின்னாலேயே போனார். அவளுக்குப் பதிலாக வேறொருத்தி போனாள். முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினாள் என்று கேள்விப்பட்டேன்.

ஒருநாள் டாக்டர் அறையைப் பூட்டும்போது கேட்டேன். "சார், அவ போயிருந்தா முட்டி போயிருக்குமா?"

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "தெரியாது," என்றார். "போகாமலும் விட்டிருக்கலாம். ரெண்டு மூண்டு சண்டையில வெற்றியும் கிடைச்சிருக்கலாம்." படி இறங்கும்போது, "கோடு நான் போட்டது, மல்லிகா. நீங்கள் எலும்பைத்தான் சொன்னனீங்கள்," என்றார். எனக்காகச் சொன்னார். எனக்கு அது போதவில்லை. அவருக்கும் போதவில்லை என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

துர்கா அதோடு விளையாட்டை விட்டுவிட்டாள். குணா மாஸ்டர் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார். கால் என்று அவர் வாயில் வருவதில்லை. குதி, முட்டி, விரலடி என்று தனித்தனியாகத்தான் சொல்வார். துர்காவைப் பற்றி நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

வேலையை விட்ட பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மகளோடு பிரிக்பீல்ட்ஸ் போனேன். கோயிலுக்குப் போய்விட்டுப் பூக்கடை வரிசையில் நடந்துகொண்டிருந்தோம். எதிர்ப்பக்கம் பஸ் கிளம்பப் போகிறது. ஒரு பெண் தோளில் பையும் இடுப்பில் குழந்தையுமாக ரோட்டைக் கடந்து ஓடினாள். ஓட்டத்தைப் பார்த்ததுமே துர்கா என்று தெரிந்தது.

சாக்கடை மூடியைத் தாண்டினாள். இடது காலை ஊன்றி, குழந்தையோடு அப்படியே திரும்பினாள். குதி திரும்பியது. முட்டி அதன் கூடவே போனது. முறுக்கில்லை. நொண்டல் இல்லை. வீக்கம் இல்லை. பஸ் படியில் இடது காலை வைத்து முழுப் பாரத்தையும் அதில் ஏற்றினாள். முட்டி ஆடவில்லை. ஏறிவிட்டாள். பஸ் போனது.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"யாரும்மா அந்த அக்கா?" என்றாள் மகள்.

"வேலை செஞ்ச எடத்துல வந்த பொண்ணு."

"ஏன் பேசாம நிக்கிறீங்க? அவங்க படியில ஏறி, திரும்பி உங்களையேதான் பார்த்தாங்க. கையக்கூடத் தூக்கினாங்க. ஏதோ சொன்ன மாதிரிகூட இருந்துச்சே."

"சிரிச்சாளா?" என்றேன்.

"உங்களப் பார்த்துத்தானேம்மா நின்னாங்க. உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. நான் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.